சேறு பூசிய கண்ணோடு நடந்தவன்

"அப்போ நாங்கள்லாம் குருடங்களா, அண்ணாச்சி?"

பக்கத்து வீட்டுத் தம்பி இதைக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல் இருந்தது. முந்தின நாள் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தம்பி கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை மரியாதையாக இருந்தார். பிரசங்கத்தில் ‘ஆவிக்குரிய குருட்டுத்தன்மை’ என்ற சொல் நாலைந்து தடவை வந்தது. விசுவாசம் வந்தால் அது நீங்கிவிடும் என்றும் சொல்லப்பட்டது. என்ன குருட்டுத்தன்மை, எப்படி நீங்கும் என்ற விளக்கம் மட்டும் இல்லை. கிறிஸ்தவர் அல்லாதவர்களை எல்லாம் குருடர் என்கிறார்கள் என்றுதான் தம்பிக்குப் பட்டிருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

உட்காருங்கள் தம்பி, தேநீர் வரட்டும், இது ஒரு டம்ளரில் முடிகிற பேச்சு இல்லை என்றேன். அன்று திண்ணையில் அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வருஷமாக ஆபரேஷனுக்கு வா என்று கூப்பிட்டும் வரவில்லை. ‘எனக்கு நல்லாத்தான் தெரியுது’ என்பதுதான் பதில். கூடத்து பல்பு மட்டம் என்பார், மாற்றினோம். செய்தித்தாளில் மை குறைத்து அச்சடிக்கிறார்கள் என்பார். வெள்ளைச் சேலை பழுப்பேறிவிட்டது, சோப்பு சரியில்லை என்று இரண்டு மூன்று சோப்பு மாற்றினார். வெளிச்சத்தின் மேல் குறை, காகிதத்தின் மேல் குறை, சோப்பின் மேல் குறை. கண்ணின் மேல் மட்டும் குறை இல்லை. என் தங்கை ஊரிலிருந்து வந்து மன்றாடி அழைத்துப்போய் ஒரு கண்ணுக்கு மட்டும் செய்தோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா என்னைத்தான் முதலில் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்குத் தலை இவ்வளவு நரைச்சிருச்சாடா?" என்றார்.

மூன்று வருஷமாகத் தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். புரை மெதுவாக வருகிறது. விழிவில்லை நாள்பட நாள்படப் பழுப்பாகிறது. இருந்த வெண்மை எப்போது போனது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. தன் குறையைத் தானே மறைத்துவைக்கிற நோய் அது. வேதாகமம் குருட்டுத்தன்மையை உருவகமாகச் சொல்கிற இடங்களில் பெரும்பாலும் இந்த வகைக் குருட்டுத்தன்மையைத்தான் சொல்கிறது: தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற கண்.

இதை விரித்துச் சொல்வது யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரம். நாற்பத்தொரு வசனம். ஒரு முழு நாடகம் போல ஓடும்.

எருசலேமில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவன் பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறான். வழியில் அவனைப் பார்த்த சீஷர்கள் இயேசுவிடம் கேட்கிற முதல் கேள்வி, இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவத்தால், இவனாலா, பெற்றவர்களாலா என்பது. தம்பி இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதே கேள்வியை எங்க ஆச்சியும் கேட்பாங்க அண்ணாச்சி, முன்வினையான்னு" என்றார். ஆம், எல்லா ஊரிலும் கேட்கப்படுகிற கேள்விதான். ஒருவன் கஷ்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றாமல், யார் குற்றம் என்று கேட்கத் தோன்றுகிறது. இயேசு இரண்டையும் மறுத்துவிடுகிறார். இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை. கதை தொடங்கும் இடத்திலேயே உடலின் பார்வையின்மைக்கும் பாவத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்க்கப்படுகிறது. ‘ஆவிக்குரிய குருடு’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வசனத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். பார்வையற்ற ஒருவர் சபையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கேட்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் திதிமு என்று ஒரு பெரிய ஆசிரியர் இருந்தார். நான்கு வயதளவில் பார்வை போய்விட்டது. மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவி எழுத்தறிந்தார் என்பார்கள். அந்த நகரத்தின் பேர்பெற்ற வேதப்பள்ளியில் பாடம் சொன்னார். வேதாகமத்தை லத்தீனில் தந்த ஜெரோம் அவரிடம் படித்தவர். வனாந்தரத் துறவி அந்தோணியார் அவரைச் சந்தித்தபோது, எறும்புக்கும் ஈக்கும் உள்ள கண்ணை இழந்ததற்காக வருந்தாதே, தேவதூதர் பார்க்கிற கண் உனக்கு இருக்கிறது என்று தேற்றினார் என்று பழைய சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இவரைப் போய்க் குருடர் என்று உருவகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?

மறுபடி கதைக்கு வருகிறேன். இயேசு தரையில் துப்பி, மண்ணைக் குழைத்து, அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்கிறார். அவன் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கூப்பிடவில்லை, மன்றாடவில்லை. இருந்த இருட்டின் மேல் இன்னும் கொஞ்சம் சேறும் அப்பியாகிவிட்டது. இப்போது நடக்க வேண்டும்.

அந்தக் குளம் கற்பனை இல்லை. எருசலேமின் கீகோன் ஊற்றிலிருந்து எசேக்கியா அரசன் காலத்தில் பாறையைக் குடைந்து வெட்டிய, ஏறத்தாழ 533 மீட்டர் நீளச் சுரங்கக் கால்வாயின் தண்ணீர் அங்கே வந்து சேரும். 2004ஆம் ஆண்டு கழிவுநீர்க் குழாய் பழுதுபார்க்கத் தோண்டியபோது பெரிய கல் படிக்கட்டுகள் தட்டுப்பட்டன. தொல்லியலாளர்கள் ரோனி ரைக், எலி ஷுக்ரோன் இருவரும் அது இயேசு காலத்துச் சீலோவாம் குளத்தின் படிகள் என்று கண்டறிந்தார்கள். பழைய நகரத்தின் தென்கோடியில், பள்ளத்தில் இருக்கிறது. கதையின் ஓட்டத்தைப் பார்த்தால் அவன் தேவாலயப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். கண்ணில் சேற்றோடு, சரிவில், படியில் தடவித் தடவி இறங்கியிருப்பான். கைபிடித்துப் போனவர் யாரும் கதையில் இல்லை.

அப்படியானால் விசுவாசம் என்றால் என்ன என்று தம்பி கேட்டார். அந்த நடையைத்தான் நான் காட்டுவேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை; சொன்னவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை; சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லை நம்பிக் காலை எடுத்து வைக்கிறான். யோவான் சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் ‘விசுவாசம்’ என்ற பெயர்ச்சொல் ஒரு தடவைகூட வருவதில்லை. ‘விசுவாசிப்பது’ என்ற வினைச்சொல் தொண்ணூறு தடவைக்கு மேல் வருகிறது. பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பொருளாக யோவான் அதை நினைக்கவில்லை, செய்கிற செயலாகவே நினைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

கழுவினான், பார்வை வந்தது. கதை இங்கே முடிந்திருக்கலாம். யோவான் இங்கேதான் ஆரம்பிக்கிறார். அன்று ஓய்வுநாள். பிசைவது ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளில் ஒன்று என்று பிற்காலத்து யூதச் சட்ட நூலான மிஷ்னா பட்டியலிடுகிறது. மண்ணைக் குழைத்தது அப்படிப்பட்ட குற்றமாகிறது. பரிசேயர் என்ற மதப் பெரியவர்கள் விசாரணை வைக்கிறார்கள். பெற்றோரை அழைக்கிறார்கள். அவர்களோ ஜெப ஆலயத்திலிருந்து விலக்கிவிடுவார்களே என்ற பயத்தில், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று நழுவிக்கொள்கிறார்கள். பிள்ளைக்குப் பார்வை வந்த நாளில் பெற்றவர்கள் மகிழ முடியாமல் நிற்கிற இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

விசாரணையில் யார் வாயில் என்ன வருகிறது என்று பாருங்கள். இயேசு எங்கே என்று கேட்டால் பார்வை பெற்றவன் தெரியாது என்கிறான். அவர் பாவியா என்றால் அதுவும் தெரியாது. குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், தெரிந்தது அது ஒன்றுதான் என்கிறான். விசாரிக்கிறவர்களோ எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்றே பேசுகிறார்கள். ‘தெரியாது’ என்றவனுக்கு வரவரத் தெளிகிறது. முதலில் இயேசு என்று ஒரு மனிதர் என்றான். பிறகு தீர்க்கதரிசி என்றான். பிறகு தேவனிடமிருந்து வந்தவர் என்று வாதாடினான். கடைசியில் வெளியே தள்ளப்பட்டவனை இயேசு தேடி வந்து பேசுகிறார். அப்போதுதான், வாழ்க்கையில் முதன்முறையாக, தனக்குக் கண் கொடுத்தவரின் முகத்தை அவன் பார்க்கிறான். விசுவாசிக்கிறேன் என்று பணிகிறான். மறுபக்கம் ‘தெரியும்’ என்றவர்களுக்கு ஒவ்வொரு கேள்வியிலும் இருட்டு கூடுகிறது.

முடிவில் பரிசேயர் சிலர், நாங்களும் குருடரா என்று இயேசுவைக் கேட்கிறார்கள். நீங்கள் கேட்டதும் இதேதான் தம்பி என்றேன். அதற்கு அவர் தரும் பதில் எல்லாரையும் தூக்கிவாரிப்போடும். நீங்கள் குருடராயிருந்தால் உங்கள்மேல் பாவம் இராது. பார்க்கிறோம் என்று நீங்கள் சொல்வதால்தான் அது நிலைத்துநிற்கிறது என்கிற பொருளில் சொல்கிறார். அந்தக் கதையில் குருடர் என்று சுட்டப்படுபவர்கள் வேற்று மதத்தவர் இல்லை. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், ஜெபம் தவறாதவர்கள், ஊர் மதிக்கிற பெரியவர்கள். இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரவேண்டியது என்னைப் போன்றவர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்களை நோக்கி விரலை நீட்ட அந்த அதிகாரம் யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

இதைச் சபையே மறந்தது உண்டு. பிரான்சில் ஸ்திராஸ்பூர் பேராலயத்தின் தெற்கு வாசலில் 1230 வாக்கில் செதுக்கிய இரண்டு பெண் சிலைகள் இருந்தன. கிரீடத்தோடு நிமிர்ந்து நிற்பவள் திருச்சபை. கண்ணைக் கட்டி, முறிந்த ஈட்டியோடு தலைகுனிந்து நிற்பவள் யூதர்களின் ஜெப ஆலயம். பார்த்தால் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு அழகான சிற்பம், அதனால்தான் இன்னும் வலிக்கிறது. யோவான் கதையில் பார்வை பெற்றவனும் யூதன், பார்வை கொடுத்தவரும் யூதர். குருடு என்ற சொல்லைப் பிறர்மேல் எறிந்தபோது, ‘பார்க்கிறோம்’ என்று சொன்னவர்களின் இடத்தில் சபை போய் நின்றுகொண்டது. அந்த எண்ணத்தின் நிழலில் யூதர்கள் பட்ட பாடு நீளமானது. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான் அதை வெளிப்படையாகத் திருத்தி எழுதியது.

"சரி அண்ணாச்சி, விசுவாசம் வந்ததும் எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சிருமா?" என்றார் தம்பி. இரண்டாவது டம்ளர் வந்திருந்தது.

அதற்கும் ஒரு கதை உண்டு. மாற்கு சுவிசேஷம் 8ஆம் அதிகாரம், பெத்சாயிதா ஊர். இயேசு ஒரு பார்வையற்றவனின் கண்ணில் கைவைத்துவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனுஷர் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிற மரங்களைப் போல இருக்கிறார்கள் என்கிறான். மறுபடியும் கைவைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. இயேசு இரண்டு தடவையாகச் செய்த ஒரே சுகப்படுத்தல் இது.

இதில் மருத்துவ உண்மை ஒன்றும் ஒத்துப்போகிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவருக்குத் திடீரென்று கண் திறந்தால் அவருக்கு உடனே ‘பார்க்க’ வராது. நம் நாட்டில் பவன் சின்ஹா நடத்திவரும் பிரகாஷ் திட்டத்தில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல அந்தப் பிள்ளைகளால் முதலில் முடியவில்லை. சில நாள் பழகியபின் முடிந்தது. கண் திறப்பது ஒரு வேலை, பார்க்கக் கற்பது இன்னொரு வேலை.

மாற்கு இந்தக் கதையை வைத்த இடமும் யோசித்து வைத்த இடம். அதற்கு முன்னால், கண்ணிருந்தும் காணாமல் இருக்கிறீர்களா என்று இயேசு சீஷர்களையே கடிந்துகொள்கிறார். அதற்குப் பின்னால் பேதுரு அவரைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறார். அடுத்த மூச்சிலேயே சிலுவைப்பாடு வேண்டாம் என்று தடுத்துக் கடுமையாகத் திட்டு வாங்குகிறார். பேதுருவுக்கு மரங்கள் நடக்கிற நிலை. விசுவாசம் வந்துவிட்டது, பார்வை இன்னும் தெளியவில்லை.

இதற்கு என் மனதில் நிற்கிற ஆள் ஜான் நியூட்டன். ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதியவர். 1725இல் லண்டனில் பிறந்து கடலில் வளர்ந்தவர். 1748 மார்ச்சில் அட்லாண்டிக்கில் கப்பல் புயலில் சிக்கித் தண்ணீர் ஏறியபோது கடவுளைக் கூப்பிட்டார். அந்த நாளைத் தன் மனம் திரும்பிய நாளாகச் சாகும்வரை நினைவுகூர்ந்தார். பொய்யில்லை, உண்மையான மனமாற்றம்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். ஆப்பிரிக்கரைச் சங்கிலியிட்டு அடித்தளத்தில் அடைத்துக்கொண்டு, மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். 1754இல் கடலை விட்டதுகூட உடல்நலம் கெட்டதால். 1764இல் குருவானார். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது என்பார்கள். 1779இல் ஓல்னி பாடல் தொகுப்பில் அச்சேறியது. அதில் குருடும் பார்வையும் வருகிற அடி, சீலோவாம் குளத்தில் கழுவினவன் விசாரணையில் சொன்ன சாட்சியிலிருந்து எடுத்தது. அதை எழுதியபோதும் அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் வெளியே வாய்திறக்கவில்லை.

1788இல்தான் திறந்தார். தான் கண்டதையும் செய்ததையும் ஒப்புக்கொண்டு ஒரு சிறுநூல் எழுதினார். விசாரணைக் குழுக்கள்முன் சாட்சி சொன்னார். அதற்குச் சற்று முன்பே வில்பர்போர்ஸ் என்ற இளைஞர் அரசியலைவிட்டு ஓடாமல் நின்று போராட ஊக்கம் தந்தார். புயலுக்கும் அந்தச் சிறுநூலுக்கும் நடுவில் நாற்பது வருஷம். நாற்பது வருஷம் மனுஷர் அவருக்கு மரமாகத் தெரிந்தார்கள். 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த சட்டம் வந்தது. அதற்குள் அவருக்குக் கண் ஏறக்குறையப் போயிருந்தது. அந்த டிசம்பரில் இறந்தார்.

நியூட்டனைச் சொல்லிக் கிறிஸ்தவர்களைப் பாராட்டவும் முடியாது, விசுவாசத்தைப் பழிக்கவும் முடியாது என்பது என் எண்ணம். கண்ணுக்கு முதல் வெளிச்சத்தைக் கொடுத்தது அந்த விசுவாசம்தான். இரண்டாவது தடவை கைவைக்க விடாமல் நாற்பது வருஷம் தலையைத் திருப்பிக்கொண்டது அவர்தான். ஆவிக்குரிய பார்வை வந்ததா என்று எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், எதிரே நிற்கிறவர் மரமாகத் தெரிகிறாரா மனுஷராகத் தெரிகிறாரா என்று பார்க்கச் சொல்வேன். எங்கள் கோயில்களிலேயே ஒரு காலத்தில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஜெபம் செய்த கண்கள்தான் அவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ள முடியாது, மருந்து வெளியிலிருந்து வர வேண்டும் என்பது இந்த நம்பிக்கையின் அடிப்படை. வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு ஒரு கடிதம் உண்டு. இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார நகரம் அது. கி.பி. 60இல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமின் உதவியில்லாமல் தன் பணத்திலேயே எழுந்துகொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். பக்கத்தில் ஒரு மருத்துவப் பள்ளியும் இருந்தது. கண்மருத்துவ நூல் எழுதிய தெமஸ்தேனே அந்த மரபில் வந்தவர். அப்படிப்பட்ட ஊர்ச் சபையைப் பார்த்து, உனக்குக் குறையே இல்லை என்று நினைக்கிறாய், நீ குருடு, என்னிடம் கண்மருந்து வாங்கிப் போட்டுக்கொள் என்கிறது கடிதம். அந்த மருந்துக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு ஆண்டிருக்கிற சொல் ‘கலிக்கம்’. சித்த வைத்தியர்கள் மூலிகைச் சாற்றைக் கண்ணில் விடுவதற்குச் சொல்கிற அதே சொல். போட்டால் எரியும், நீர் கொட்டும், பிறகு தெளியும். மொழிபெயர்த்தவர்களுக்கு அந்தச் சொல் கிடைத்ததை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார். இப்போது எப்படித் தெரிகிறது ஆச்சி என்று தம்பி கேட்டார். அம்மா கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தபடி, ஆபரேஷன் செய்த கண்ணை உள்ளங்கையால் மூடினார். பிறகு கையை மாற்றி மற்றக் கண்ணை மூடினார். இப்படியே இரண்டு மூன்று தடவை.

"இதால பார்த்தா இன்னும் அந்தப் பழுப்புச் சேலைதான் தம்பி தெரியுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "செவ்வாக்கிழமைக்கு ஆட்டோ சொல்லிட்டியாடா?" என்று கேட்டார்.